ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ரோட்டிலும் ஓட்டலாம் ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாம் என்று கட்டப்படும் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி உங்கள் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. அதில் பாதி "எது பெஸ்ட்?" என்ற ஒரே கேள்விதான், அவற்றை ஒன்றாகக் கட்டிவிட்டேன். சண்டைக்கு வந்தவருக்கு முதலிடம்.

கேள்வி: 400 குதிரைத்திறன் உள்ள செடான்கள் கிடைக்கிற காலத்தில், 120 குதிரைத்திறன் உள்ள ஒரு தகர டப்பாவை எதற்கு சார் ஆஹா ஓஹோ என்கிறீர்கள்?
– குதிரைத்திறன் கட்சிக்காரர்

நேர்ச்சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே போவதற்கு என்றால் உங்கள் செடானே போதும், நான் வாதாட வரவில்லை. ஆனால் டிராக்கில் நேர்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கும். கணக்கு மாறுவது அங்கேதான்.

ஓட்டுகிறவரோடு சேர்த்து 1,600 கிலோ வருகிற கார், மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைக்க வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 2 மெகாஜூல். நாலு விநாடியில் இறங்கினால் சராசரியாக 500 கிலோவாட்டுக்கு மேல் வரும், அதாவது கிட்டத்தட்ட 700 குதிரைத்திறன். காற்று கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும், மீதியில் பெரும்பகுதி நாலு பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. உங்கள் இன்ஜின் 400 குதிரை, உங்கள் பிரேக் 700 குதிரைக்கு வேலை செய்ய வேண்டும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப. அதே வேலையை ஆளோடு 650 கிலோ வருகிற ஒரு கார் செய்தால் 0.84 மெகாஜூலில் முடிந்துவிடும். பாதிக்கும் குறைவு. அதனால்தான் கனமான கார்களுக்கு ராட்சத டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிடி), செராமிக் டிஸ்க் என்று போட வேண்டியிருக்கிறது, அதெல்லாம் போட்டால் எடை இன்னும் ஏறுகிறது, அதைச் சமாளிக்க இன்னும் அகலமான டயர், அதைத் தாங்க இன்னும் கனமான வீல். இந்தச் சங்கிலி எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கமே போகும். எடையைக் குறைக்க ஆரம்பித்தால் சின்ன பிரேக் போதும், சின்ன டயர் போதும், சின்ன இன்ஜினும் போதும்.

டயரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டயர்மேல் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஆகவே ஒரே டயரைப் போட்டு ஓட்டினால் எடை குறைந்த கார் வளைவில் தன் எடைக்கு அதிகமான பிடிப்பை வைத்திருக்கும்.

நீங்கள் சொன்ன அந்த 120 குதிரைத்திறன் தகர டப்பா 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸாகத்தான் இருக்க வேண்டும். தகரம் இல்லை, அலுமினியம். அச்சில் தள்ளி எடுத்த அலுமினியத் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டிச் செய்த சேசிஸ் (காரின் அடிச் சட்டகம்), அது மட்டும் தனியாக 68 கிலோ. முழுக் காரும் 725 கிலோ அளவுதான். பவர் ஸ்டீயரிங் கிடையாது, பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் சர்வோ கிடையாது. முதலில் வந்த கார்களில் பிரேக் டிஸ்க்கே இரும்பு இல்லாமல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டிருந்தது, கார் அவ்வளவு எடை குறைவாக இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் சாத்தியமானது. அந்தச் சின்ன இன்ஜினோடு மணிக்கு 100 கி.மீ.யை ஏறத்தாழ 6 விநாடியில் தொட்டது. அதைவிட முக்கியம், முன் டயர் என்ன செய்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாக அப்படியே கைக்கு வரும். உங்கள் செடானில் அந்தத் தகவல் ஸ்டீயரிங் மோட்டாரிலும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷிலும் பாதி தொலைந்துவிடும்.

கேள்வி: எது பெஸ்ட்?
– பலர்

ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: ஒரு வருஷத்தில் எத்தனை தடவை டிராக்குக்குப் போவீர்கள், அங்கே போகிற வழியில் எவ்வளவு தூரம் ரோடு? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் கார் தானாகவே தேர்வாகிவிடும்.

ரோடுதான் அதிகம், டிராக் எப்போதாவது என்றால் மாஸ்டா எம்.எக்ஸ்-5. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது, ஏனென்றால் அது "சாதாரண" கார். 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி 2016-ல் பத்து லட்சம் கார்களைத் தாண்டியது, சாதாரணம்தான். ஆனால் இப்போதைய நாலாம் தலைமுறை ஒரு டன் அளவுக்குள் நிற்கிறது, முன்னால் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், பின்சக்கர ஓட்டம், நல்ல கியர் லீவர். நல்ல பிரேக் பேட், நல்ல பிரேக் ஆயில், கார் புரண்டால் தலையைக் காக்க ஒரு ரோல் பார், இவ்வளவு போட்டால் முழுநாள் டிராக்கில் அடி வாங்கிவிட்டு அதே காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். ஒரே குறை, ஸ்பிரிங் மெத்து, வளைவில் கார் நன்றாகவே சாயும். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

கொஞ்சம் வசதியாக, கூரையோடு, நீண்ட தூரமும் போகவேண்டும் என்றால் 2017-ல் வந்த ஆல்பைன் ஏ110. அலுமினிய உடம்பு, இன்ஜின் முதுகுக்குப் பின்னால், எடை 1,100 கிலோவை ஒட்டி. எடை குறைப்பதை எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் காரை ஒரு பாடமாகவே வைக்கலாம். சாபெல்ட் சீட் ஒவ்வொன்றும் 13.1 கிலோ. பின் பிரேக்கில் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனிக் காலிப்பர் வைக்காமல் ஒரே காலிப்பரில் சேர்த்ததில் இரண்டரைக் கிலோ மிச்சம். எங்கும் ஒரே இடத்தில் நூறு கிலோ குறையவில்லை, அங்கே ஒன்று இங்கே ரெண்டு என்று உதிர்த்திருக்கிறார்கள்.

டிராக்தான் குறி, ரோடு அங்கே போய்ச் சேர்வதற்கு மட்டும் என்றால் கேட்டர்ஹாம் செவன். இதன் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே கை நீட்டினால் தார் ரோட்டைத் தொடலாம். கதவு என்ற பெயரில் ஒரு துணித் தடுப்பு. சுஸுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினோடு 2021-ல் வந்த செவன் 170 வெறும் 440 கிலோ, திறன் 84 குதிரைதான், ஆனால் அதில் உட்கார்ந்து வந்தவர்கள் யாரும் "பவர் பத்தலை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு எச்சரிக்கை: வழக்கமான சேசிஸ் மிகக் குறுகல், பாதம் பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் ரெண்டு பெடலை மிதிப்பீர்கள். அதற்காகவே எஸ்.வி. என்று ஓர் அகலமான சேசிஸ் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஏரியல் ஆட்டம் என்ற கார் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் சாமர்செட்டில் செய்கிறார்கள், கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் புராஜெக்ட்டாக ஆரம்பித்த கார் அது. குழாய்ச் சட்டகமேதான் உடம்பு, கூரை இல்லை, கதவு இல்லை. 2018-ல் வந்த ஆட்டம் 4-ல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் டர்போ இன்ஜின், 320 குதிரைத்திறன், 595 கிலோ. அற்புதமான கார், ஆனால் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் காற்றும் பூச்சியும் கல்லும் முகத்தில் அடிப்பதுதான் நினைவில் நிற்கும். ஹெல்மெட் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் சரி.

என்னைக் கேட்டால் நடுவில் சரியாக நின்றது எலீஸ்தான். 2021-ல் உற்பத்தி நின்றுவிட்டது, இனி பழைய கார்தான். பழையதில் ரோவர் கே-சீரிஸ் இன்ஜின் வைத்தது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள அடைப்பு) மாற்றிய விவரத்தைக் கேளுங்கள், அந்த இன்ஜினின் தீராத வியாதி அது. பிறகு டொயோட்டா இன்ஜின் வைத்தவை கவலை குறைவு. ஆனால் எந்த எலீஸாக இருந்தாலும் அந்த ஒட்டிய அலுமினிய சேசிஸில் அடி பட்டிருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதில் வெல்டிங் வேலை ஓடாது.

கேள்வி: கேட்டர்ஹாம், லோட்டஸ் ரெண்டும் ஒரே கம்பெனியா?

இல்லை. செவன் என்ற காரை 1957-ல் கொண்டுவந்தவர் லோட்டஸின் காலின் சாப்மன். அப்போது பிரிட்டனில் முழுசாக வாங்கும் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகமாக வாங்கி வீட்டில் கோத்துக்கொண்டால் கிடையாது, ஆகவே நிறைய செவன்கள் பெட்டியில் பாகமாகப் போயின. 1973-ல் அங்கே வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. லோட்டஸுக்கும் இந்த மாதிரிச் சின்ன கார்களில் ஆர்வம் போயிருந்தது. அதே வருஷம் உரிமையை அதன் டீலராக இருந்த கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று, அடிப்படை வடிவம் இன்னும் மாறவில்லை. பாகமாக வாங்கிக் கோத்துக்கொள்ளும் வழியும் இன்னும் இருக்கிறது. வரிக்காக இல்லை, ஆசைக்காக.

கேள்வி: கேட்டர்ஹாம் 620ஆர் மூணு விநாடிக்குள் 60 மைலைத் தொடுகிறது, ஆனால் உச்ச வேகம் 250 கி.மீ.தான். சக்தி அவ்வளவு இருந்தும் ஏன்?
– மெக்கானிக்கல் மாணவி

நல்ல கேள்வி, பாடத்தில் நல்ல மார்க் வாங்குவீர்கள் என்று தோன்றுகிறது. 310 குதிரைத்திறன், 545 கிலோ, அதாவது டன்னுக்கு 570 குதிரைக்குப் பக்கம். கிளம்பும்போது எதிர்த்து நிற்பது எடை, அங்கே இந்தக் காரை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் வேகம் ஏற ஏற எடை பின்னால் போய்விடும், காற்று முன்னால் வரும். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரம், சஸ்பென்ஷன் கம்பி, நேராக நிற்கும் கண்ணாடி, திறந்த காக்பிட், எல்லாம் காற்றைக் கலக்கும். ஆல்பைன் ஏ110 252 குதிரையோடு அதே 250-ஐத் தொடுகிறது, அதுவும் எலெக்ட்ரானிக்ஸ் தடுத்து நிறுத்துவதால்தான் அங்கே நிற்கிறது. உடம்பு வழவழப்பாக இருப்பதன் பலன் அது.

சரி, இறக்கை வைத்துக் கீழழுத்தம் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) உண்டாக்கினால்? அங்கே எடை குறைந்த காருக்கு ஒரு லாபம் உண்டு. 200 கிலோ கீழழுத்தம் 600 கிலோ காருக்கு மூன்றில் ஒரு பங்கு, 1,600 கிலோ காருக்கு எட்டில் ஒரு பங்கு. டிராக்குக்கென்றே செய்யும் ரேடிகல் மாதிரி கார்கள் வேகமான வளைவுகளை விழுங்குவது இதனால்தான்.

கேள்வி: டிராக்குக்கென்றே செய்த காரை நிஜமாகவே யாராவது ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகிறார்களா, அல்லது நம்பர் பிளேட் சும்மா பேச்சுக்கா?

பெரும்பாலும் பேச்சுக்குத்தான், டிரெய்லரில்தான் வரும். ஆனால் இதே சந்தேகத்தைத் தீர்க்கவே 2009-ல் ரேடிகல் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். எஸ்.ஆர்.8 எல்.எம். காரை இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்கு ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போய், 20.8 கி.மீ. நீளமுள்ள அந்த வடக்குச் சுற்றை 6 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். ஓட்டியவர் மைக்கேல் வெர்கர்ஸ். பிறகு அதே காரில் ரோட்டிலேயே திரும்பியும் வந்தார்கள். என்னைப் பொறுத்தவரை சுற்று நேரத்தைவிடப் பெரிய சாதனை அந்தத் திரும்பி வந்த பயணம்தான், அந்த சீட்டில் அத்தனை நேரம் உட்கார முதுகு வேண்டாமா!

கேள்வி: கம்பெனி சொல்லும் எடையை நம்பலாமா? ஒரே காருக்கு மூணு இடத்தில் மூணு எடை போட்டிருக்கிறார்கள்.

மூன்றும் உண்மையாக இருக்கலாம், அதுதான் வேடிக்கை. "ட்ரை வெயிட்" என்றால் பெட்ரோல், ஆயில், தண்ணீர் எதுவும் இல்லாத கார், அதாவது யாரும் ஓட்டவே முடியாத கார். ஜெர்மனியின் டின் (DIN) தர முறையில் திரவமெல்லாம் ஊற்றி டேங்க் 90 சதவீதம் நிறைந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஐரோப்பிய ஒன்றிய முறையில் அதோடு 75 கிலோவுக்கு ஆளையும் ஏற்றிவிடுவார்கள். ஆல்ஃபா ரோமியோ 4சி 895 கிலோ என்று பேசப்பட்டது, டல்லாரா ஸ்ட்ராடாலே 855 கிலோ என்று பேசப்பட்டது, ரெண்டுமே ட்ரை வெயிட். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, 40 லிட்டர் டேங்க் என்றால் 30 கிலோ. ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும். ஒப்பிடும்போது எந்த முறை என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். அதில் விண்ட்ஷீல்ட் உண்டா என்றும் பாருங்கள், சில கார்களில் அதுவே கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பொருள்.

கேள்வி: முதல் தடவை டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) போகிறேன். கார் ஸ்டாண்டர்டுதான். என்னென்ன மாற்ற வேண்டும்?

இன்ஜினைத் தொடாதீர்கள். பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன், கடைசியிலும் இதைத்தான் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 5.1-க்கு அது 260, 180. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ரோட்டில் இரண்டு வருஷம் ஒரு குறையும் தெரியாமல் ஓடிய அதே ஆயில் டிராக்கில் கால் மணி நேரத்தில் கைவிடும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான், பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று 5.1-க்குப் பதில் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது பேட். இங்கே எடை குறைந்த கார்க்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கனமான காருக்கு எது நல்லது என்று சொன்னார்களோ அதையே வாங்கிப் போடுவார்கள். கடுமையான ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும், 600 கிலோ காரால் அதைச் சூடேற்றவே முடியாது, ஆகவே சாதாரண பேடைவிட மோசமாகப் பிடிக்கும். டயரும் அப்படித்தான். கெட்டியான ரப்பர் வைத்த டயர் கனமான காரில் பதமாகும், எடை குறைந்த காரில் கடைசி வரை குளிர்ந்தே கிடக்கும். அதனால்தான் அவான் கம்பெனி இசட்.இசட்.ஆர். மாதிரி மெத்தென்ற டயர்களை கேட்டர்ஹாம் போன்ற கார்களுக்குக் கொடுத்தது. இந்த வகை டயர்களோடு மழையில் ரோட்டில் போவது பற்றி ஒரு வார்த்தை: பள்ளம் ஆழமில்லை, தண்ணீரை வெளியேற்றாது, கார் எடை வேறு குறைவு, தேங்கிய தண்ணீர்மேல் மிதக்கக் கேட்கவே வேண்டாம். வானம் கறுத்தால் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்டு காரில் முதல் தடவைக்கு டயரை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண டயர் வழுக்கும்போது கத்திக்கொண்டே வழுக்கும், உங்களுக்கு நேரம் கொடுக்கும். செமி-ஸ்லிக் (பள்ளம் குறைந்த டிராக் டயர்) அதிக வேகம் வரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிராக் பயன்பாடு சேராது. சத்த அளவையும் விசாரியுங்கள், பல டிராக்குகளில் நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கி டெசிபல் அளந்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், கூடினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: என் காரில் நாலு பாயின்ட் ஹார்னஸும் ரோல் கேஜும் போட்டுவிட்டு ரோட்டிலும் அப்படியே ஓட்டலாமா? பாதுகாப்பு கூடத்தானே செய்யும்?

கூடாது, பாதிப் பாதுகாப்பு முழு ஆபத்தாக முடியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூடு ஹெல்மெட் போட்ட தலைக்காகக் கணக்கிட்டது. ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் போகும்போது தலைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது, சின்ன மோதலிலேயே தலை அதில் போய் இடிக்கும். மேலே ஃபோம் சுற்றினாலும் அது ஹெல்மெட்டுக்கு ஈடில்லை. நாலு பாயின்ட் ஹார்னஸ் (நாலு இடத்தில் பூட்டும் ரேஸ் பெல்ட்) என்றால் தோள் பட்டை மேலே இழுக்க, இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, மோதலில் உடம்பு அதன் அடியில் நழுவும், கால்களுக்கு நடுவே பட்டை வரும் ஆறு பாயின்ட் வந்ததே அதைத் தடுக்கத்தான். தோளை இறுக்கிக் கட்டிவிட்டால் தலை மட்டும் தனியாக முன்னால் பறக்கும், அதற்கு ஹான்ஸ் மாதிரி கழுத்துத் தாங்கி வேண்டும். இன்னொன்று: ரோல் பார் இல்லாமல் ஹார்னஸ் மட்டும் போட்டால் கார் புரளும்போது நீங்கள் நிமிர்ந்தே கட்டப்பட்டிருப்பீர்கள், கூரை இறங்கும்போது குனிய முடியாது.

திறந்த காரில் நல்ல ரோல் பார், ரோட்டுக்குக் கம்பெனி கொடுத்த மூன்று பாயின்ட் பெல்ட், டிராக்குக்கு ஆறு பாயின்ட் ஹார்னஸ், அதற்குப் பொருத்தமான சீட், ஹெல்மெட், ஹான்ஸ். ரெண்டு பெல்ட்டையும் வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப மாட்டிக்கொள்வதுதான் இந்தக் கார்களில் நிறையப் பேர் செய்வது. ஹார்னஸின் லேபிளில் காலாவதி வருஷம் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இருக்கிற காரிலேயே எடை குறைக்க எதைக் கழற்றலாம்?

முதலில் டிக்கியைத் திறந்து உள்ளே கிடக்கும் சாமான்களை எடுங்கள். அதுக்குக் காசே ஆகாது. பிறகு எலெக்ட்ரிக் சீட் இருந்தால் அது நல்ல இடம். ஒரு நல்ல பக்கெட் சீட் ரெண்டு போட்டால் கணிசமாகக் குறையும், ஆனால் அந்த சீட்டில் ஏர்பேக் இருந்தால் அதையும் சேர்த்து இழக்கிறீர்கள், ரோட்டில் ஓட்டும் காரில் எனக்கு அது சம்மதமில்லை. லித்தியம் பேட்டரி பத்து கிலோ அளவில் குறைக்கும். எக்ஸாஸ்டிலும் குறைக்கலாம், சத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு ஒரே இடத்தில்தான் போட முடியும் என்றால் வீலில் போடுங்கள். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் டயர் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டே போகும், தவிர அது சுழலும் எடை, வேகம் எடுக்கவும் நிறுத்தவும் ரெண்டிலும் லாபம். பெரிய வீல் அழகு என்று பெரிதாக்கிவிட்டு எடை குறைக்கிறேன் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கார்ப்பெட்டைக் கிழிப்பது வேண்டாம். மிச்சமாவது கொஞ்சம், அப்புறம் வரும் இரைச்சல் ரொம்ப.

கேள்வி: காரில் பொருள் குறைய விலையும் குறைய வேண்டாமா? இவை ஏன் இவ்வளவு விலை?

கூரை இல்லை, கதவு இல்லை, ஏ.சி. இல்லை, விலை மட்டும் உண்டு. கோபம் நியாயமானதுதான். ஆனால் பெரிய கம்பெனி ஓர் அச்சுக்கு ஆகும் செலவை லட்சக்கணக்கான கார்களில் பரப்பிவிடுகிறது, இவர்கள் வருஷத்துக்குச் சில நூறு கார்தான் செய்வார்கள். வெல்டிங் கையால். உடம்பு கார்பன் ஃபைபர் என்றால் இன்னும் மோசம். 2008-ல் வந்த கே.டி.எம். எக்ஸ்-போ காரின் கார்பன் தொட்டி (ஆள் உட்காரும் மையக் கூடு) ரேஸ் கார்கள் செய்யும் டல்லாராவோடு சேர்ந்து உருவானது, அதைச் சுட்டெடுக்கிற வேலை நேரம்தான் விலை. ஆனால் வாங்கிய பிறகு இவை மலிவு. டயர், பேட், டிஸ்க் எல்லாம் சின்னது, மெதுவாகத் தேயும், மேலே சொன்ன ஆற்றல் கணக்கைப் பாருங்கள். ஒரு கனமான சூப்பர் செடானை அடிக்கடி டிராக்குக்குக் கொண்டுபோகிறவரிடம் டயர் செலவு பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

கேள்வி: எல்லாம் எலெக்ட்ரிக் ஆகிவிட்டால் இந்த வகைக் கார் செத்துவிடுமா?

சாகாது, திணறும். ஒரு கிலோ பெட்ரோலில் 12 கிலோவாட்-மணி அளவு ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது என்று கழித்தாலும் 4 மிஞ்சும். பேட்டரி ஒரு கிலோவுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தாலே நல்ல பேட்டரி. ரோட்டில் மெதுவாகப் போகும்போது எலெக்ட்ரிக் காருக்குப் பெரிய தேவை இல்லை, டிராக்கில் முழுசாக மிதிக்கும்போதுதான் பேட்டரி காலியாகிற வேகமும் சூடாகிற வேகமும் தெரியும். கேட்டர்ஹாம் 2023-ல் ஒரு எலெக்ட்ரிக் செவன் சோதனைக் காரைக் காட்டியது. 700 கிலோவுக்குள், 20 நிமிடம் டிராக்கில் ஓட்டம், 15 நிமிடம் சார்ஜ், மறுபடி 20 நிமிடம் ஓட்டம் என்பது அவர்கள் இலக்கு. டிராக் டேயில் மனிதனும் காரும் எப்படியும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்கத்தான் வேண்டும் என்பதால் அது புத்திசாலித்தனமான கணக்கு. 700 கிலோ என்பது மற்ற எலெக்ட்ரிக் கார்களோடு பார்த்தால் அதிசயம், செவனோடு பார்த்தால் குண்டு.

கேள்வி: பைக் இன்ஜின் போட்ட கார்கள் எப்படி?

டிராக்கில் பிரமாதம், ரோட்டில் தொல்லை. ரேடிகல் எஸ்.ஆர்.3 சுஸுகி ஹயபுஸா வழி வந்த இன்ஜினில்தான் ஓடுகிறது. எடை குறைவு, வரிசைக் கியர் பெட்டி இன்ஜினோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் கீழ் வேகத்தில் இழுவை இல்லை, டிராஃபிக்கில் கிளட்ச் வேகும், ரிவர்ஸ் கியருக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேள்வி: டிராக்கில் ஓட்டிவிட்டு அதே காரில் வீட்டுக்குக் கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொண்டு நின்றால் அடுத்த பிரேக்கில் அதிரும். ஆறிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள், வளைவுகளில் குடித்திருக்கும். பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், வீடு வரை வருமா என்பதுதான் கேள்வி. டிராக்கில் டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடும் என்று நீங்கள் காற்றை இறக்கியிருப்பீர்கள், அதைத் திரும்ப ரோட்டு அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். காற்றடிக்க ஒரு சின்ன பம்ப் காரிலேயே இருக்கட்டும், எடையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.